ஐந்து கிராமும் மூவாயிரம் கிலோவும்

(போதைப்பொருள் ஒழிப்புக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



போதைப்பொருளுக்கு எதிராகப் போர் தொடுத்திருப்பதாக ஆட்சியாளர்கள் முழங்குகிறார்கள். இந்தப் போர் யாருக்கு எதிராக நடக்கிறது என்பதே நமது கேள்வி.

1985இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. 1989இல் சில குற்றங்களை மீண்டும் செய்வோருக்கு மரண தண்டனை சேர்க்கப்பட்டது. ஆனால், ஒன்றிய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, அபின், ஹெராயின் வகைப் பொருட்களைப் பயன்படுத்துவோர் சுமார் 2.26 கோடிப் பேர். அவர்களில் 77 லட்சம் பேருக்கு உதவி தேவை. அபினைவிட ஹெராயினைப் பயன்படுத்துவோரே இருமடங்குக்கும் மேல்.

இது தற்செயலல்ல. பஞ்சாப் வயல்களில் கடும் உழைப்பைத் தாங்குவதற்காகத் தொழிலாளர்கள் ‘புக்கி’ எனும் கசகசாக்காய்த் தோட்டைப் பயன்படுத்தினர். தடை இறுகியபோது, மூட்டையாகச் சுமக்கவேண்டிய தோட்டைவிடச் சட்டைப்பையில் அடங்கும் ஹெராயினே கடத்துவோருக்கு லாபமானது. இன்று ‘சிட்டா’ ஊசியாக ஏறுகிறது. பகிரப்படும் ஊசிகள் எச்.ஐ.வி.யையும் ஹெபடைடிஸ்-சி நோயையும் பரப்புகின்றன.

சிறிதளவு என்று சட்டம் வகுத்திருப்பது ஐந்து கிராம் ஹெராயின். அதை வைத்திருக்கும் கூலித்தொழிலாளியும் குற்றவாளியே. போதைப்பொருளை உட்கொள்வதே தண்டனைக்குரியது. 2021 செப்டம்பரில் குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்தில் பிடிபட்டதோ ஏறத்தாழ மூவாயிரம் கிலோ. ஆறு லட்சம் மடங்கு! கூலியின் சட்டைப்பையைச் சோதிக்கும் அரசு, இத்தகைய சரக்கின் பின்னுள்ள மூலதனத்தை ஏன் இதே வேகத்தில் தேடுவதில்லை?

2018இல் பஞ்சாபின் காங்கிரஸ் அரசு கடத்தல்காரர்களுக்கு மரண தண்டனை கோரியது. 2025இல் ஆம் ஆத்மி அரசு புல்டோசர்களை அனுப்பியது. ஆட்சி மாறியது, அணுகுமுறை மாறவில்லை.

மகனைப் பறிகொடுத்த தாய், விற்றவனைச் சிறையிலடைக்கக் கோருவது நியாயமே. வணிகத்தைத் தடையின்றித் திறந்துவிட நாமும் சொல்லவில்லை. ஆனால், அவளது மகனையும் அதே சிறையில் அடைப்பது நீதியாகாது. தானாக முன்வந்து சிகிச்சை பெறுவோருக்கு வழக்கிலிருந்து விலக்களிக்க இச்சட்டத்திலேயே 64ஏ பிரிவு உண்டு. சிகிச்சை மையமே இல்லாத ஊரில் அப்பிரிவு வெறும் காகிதம்.

எனவே, உட்கொள்வதைக் குற்றப்பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும் இலவச சிகிச்சை வேண்டும். விசாரணை பெருங்கடத்தலின் பணப்பாதையைத் தொடர வேண்டும். இளைஞர்களுக்கு வேலை வேண்டும். இக்கோரிக்கைகளை ஊர்தோறும் கொண்டு செல்வோம்!