விடுமுறைக் காலப் புகையிரதம்



நீண்ட விடுமுறையொன்று வருகின்றதென்பதைப் பாடசாலையிலே முதன்முதல் அறிந்துகொள்பவர்கள் மாணவர்கள் என்று நீங்கள் எண்ணலாம். அவ்வாறன்று; ஆசிரியர்களே முந்திக்கொள்கிறார்கள். புதிய நாட்காட்டி சுவரிலே ஏறிய அன்றே, எந்தப் போயா தினம் வெள்ளிக்கிழமையில் அமைகின்றது, எது திங்கட்கிழமையில் வருகின்றது என்று விரல் வைத்து எண்ணத் தொடங்கிவிடுவார்கள். இதனை நான் குறையாகச் சொல்லவில்லை. நான் அதிபராகப் பணிபுரியும் பாடசாலை ஹற்றனுக்கு அண்மையில் உள்ளது. எங்கள் ஆசிரியர்களிற் பலர் வடக்கிலிருந்து வந்து அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள். அவர்களுக்கு மூன்று நாள் விடுமுறை என்றால், போவதற்கு ஒரு நாளும் வருவதற்கு ஒரு நாளும் கழிய, தாயின் கையால் உண்பதற்கு எஞ்சுவது ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளுக்காக அவர்கள் படும் பாடே இன்றைய பேச்சின் பொருள்.

இந்த நெருக்கடி இன்று நேற்று உண்டானதன்று. வடபகுதிப் புகையிரதப் பாதை 1905 ஆம் ஆண்டிலே முழுமை பெற்றுக் கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் இணைத்த நாள் முதலாக, அரசாங்க உத்தியோகம் பார்க்கத் தெற்கே சென்றவர்கள் விடுமுறைக்கு வடக்கே திரும்புவது வழக்கமாயிற்று. 1956 ஆம் ஆண்டு ஏப்ரல் 23 ஆம் திகதி யாழ்தேவி ஓடத் தொடங்கியது. அதன் பின்னர் எழுதுவினைஞர் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ஒரு யாழ்தேவிக் கதை உண்டு. 1966 ஆம் ஆண்டு முதல் 1971 ஆம் ஆண்டு வரை, ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாகப் போயா தினமே வாராந்த விடுமுறையாக இருந்தது. அந்த ஆண்டுகளில் இன்ன கிழமையில் வீட்டுக்கு வருவேன் என்று கடிதம் எழுதுவதற்கே பஞ்சாங்கம் பார்க்க வேண்டியிருந்ததாக என் தந்தையார் சொல்லிச் சிரிப்பார்.

என் தந்தையாரும் கொழும்பிலே எழுதுவினைஞர்தாம். எங்கள் வீடு கொடிகாமத்திற்கு அண்மையில். எனக்கு எட்டு வயதிருக்கும்போது ஒரு விடுமுறைக்கு என்னைக் கொழும்புக்கு அழைத்துச் சென்று, சித்திரை வருடப் பிறப்புக்கு ஊர் திரும்பினார். கோட்டைப் புகையிரத நிலையத்திலே வெற்று வண்டி மேடைக்கு வந்து நிற்கும் முன்னரே ஜனங்கள் அதனோடு ஓடினார்கள். யன்னல்களின் ஊடாகக் கைக்குட்டைகளும் குடைகளும் பத்திரிகைகளும் உள்ளே பறந்தன. ஓர் ஆசனத்தின் மீது கைக்குட்டை விழுந்துவிட்டால் அந்த ஆசனம் கைக்குட்டைக்கு உரியவருக்குச் சொந்தம் என்பது எழுதப்படாத சட்டம். எந்த நீதிமன்றமும் ஏற்காத இச்சட்டத்தை, வழக்கறிஞர்கள் உட்பட எல்லாரும் ஏற்று நடந்தார்கள். கைக்குட்டையை எடுத்துத் தூர வீசிவிட்டு அமர்ந்தவர்களும் இல்லாமலில்லை. அப்பொழுது நடக்கும் வாதப் பிரதிவாதம் அனுராதபுரம் வரையிலும் ஓயாது.

என் தந்தையார் கைக்குட்டை போடவில்லை. என்னையே தூக்கி யன்னல் வழியாக உள்ளே விட்டார். "படுத்துக்கொள், ஆர் கேட்டாலும் ஆள் வருகுது என்று சொல்" என்பது கட்டளை. அவ்வாறே ஆசனத்தில் நீட்டி நிமிர்ந்து கிடந்தேன். முதியவர் ஒருவர் கைத்தடியுடன் வந்து, "தம்பி, கொஞ்சம் கால மடக்கு ராசா" என்றார். "ஆள் வருகுது" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் நகர்ந்து சென்று கதவோரத்தில் நின்றார். தந்தையாரும் மாமாவும் வந்து அமர்ந்த பின்னர், அம்முதியவர் நின்றுகொண்டே வருவதை நான் பலமுறை எட்டிப் பார்த்தேன். அவர் எந்த நிலையத்தில் இறங்கினார் என்பது எனக்குத் தெரியாது, நான் நித்திரையாகிவிட்டேன்.

1990 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கான புகையிரத சேவை யுத்தத்தினால் நின்றுபோயிற்று. 2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 13 ஆம் திகதி மீண்டும் யாழ்ப்பாண நிலையத்துக்கு வண்டி வந்தபோது, ஒரு தலைமுறையே புகையிரதத்தைப் படத்திலே பார்த்து வளர்ந்திருந்தது. அன்று வண்டியைக் காணத் திரண்ட ஜனங்களிற் பலர் பிரயாணிகள் அல்லர், பார்க்க வந்தவர்கள்.

இனி, விடுமுறை நாட்களில் மேலதிகமாகச் சில வண்டிகளை விட்டால் நெருக்கடி தீர்ந்துவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. விசேட வண்டிகள் விடப்படுவதும் உண்டு. ஆயினும் பாதையின் அமைப்பைச் சிறிது நோக்கவேண்டும். கொழும்பிலிருந்து பொல்காவலைச் சந்தி வரையில் போவதற்கொன்றும் வருவதற்கொன்றுமாகத் தனித்தனிப் பாதைகள் உள்ளன. அங்கிருந்து வடக்கு நோக்கிச் செல்வது ஒற்றைப் பாதை. எதிரெதிராக வரும் இரு வண்டிகள் நிலையங்களில் மட்டுமே ஒன்றுக்கொன்று வழிவிட முடியும். ஒரு வண்டி இருபது நிமிடம் பிந்தினால், எதிரே வருவது எங்கோ ஒரு சிறு நிலையத்தில் காத்துக் கிடக்கும். அது பிந்துவதனால் அதன் எதிரே வருவதும் பிந்தும். மேலதிக வண்டியொன்றைப் பாதையிலே விடும்போது, அது வழிவிடவேண்டிய சந்திப்புகளும் கூடுகின்றன. மலைநாட்டுப் பாதையிலோ ஏற்றமும் வளைவும் மிகுதியாதலால், வேண்டிய அளவு பெட்டிகளைக் கோத்துக்கொண்டு ஏறுதல் இயலாது. இயற்கையின் சீற்றம் வேறு. 2025 ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வந்த சூறாவளியும் மழையும் மலைநாட்டுப் பாதையைப் பல இடங்களிற் சிதைத்ததை நாம் அறிவோம். ஆகவே நிலைய அதிபரைச் சூழ்ந்து நின்று ஏசுவதால் வண்டி விரைவாக வந்துவிடாது. அவர் கையில் உள்ளது கொடியும் கடிகாரமுமேயன்றி வேறல்ல.

இவ்வளவும் அறிந்திருந்த நான், அறிந்தவனைப்போல் நடந்துகொள்ளாத ஒரு நாளைப் பற்றியும் சொல்லவேண்டும்.

2019 ஆம் ஆண்டில், போயா தினம் வெள்ளிக்கிழமையில் வந்த ஒரு வார இறுதி. திங்கட்கிழமை காலை 7.30 மணிக்கு வழக்கம்போல் வரவுப் புத்தகத்திலே சிவப்புக் கோட்டை இழுத்தேன். ஆசிரியராயிருக்கும் நேயர்களுக்கு அந்தக் கோட்டின் பொருள் தெரியும். அதற்குக் கீழே கையொப்பமிடுபவர் பிந்தி வந்தவர். அன்று கணித ஆசிரியை வரவில்லை. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இளம் பெண், முதல் நியமனம். சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றவிருந்த பதினொராம் வகுப்புக்கு அவரை விட்டால் கணிதத்துக்கு வேறு ஆள் இல்லை. முதல் இரண்டு பாடவேளைகளும் அவ்வகுப்பு சும்மா இருந்தது. தோட்டத்துப் பிள்ளைகள், தனியார் வகுப்புக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்கள். அவர்களின் வெறுமையான கரும்பலகையைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சினம் ஏறியது.

நண்பகலுக்குச் சற்று முன்னர் அவர் வந்து சேர்ந்தார். "விடுமுறை முடிந்தால் நேரத்துக்கு வரவேண்டும் என்று உமக்குத் தெரியாதா?" என்று, அலுவலகத்தில் மற்றையோர் கேட்கும்படியாகவே கேட்டேன்.

"தெரியும் சேர். நேற்றுக் காலமைதான் வெளிக்கிட்டனான்" என்றார்.

அவ்வளவே. கோட்டின் கீழே கையொப்பமிட்டுவிட்டு நேரே பதினொராம் வகுப்புக்குப் போனார். எழுதுவினைஞர்தாம் பின்னர் விபரத்தைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் கால் வைக்க இடமில்லை. அடுத்த வண்டியில் நின்றபடி வந்திருக்கிறார். வழியெல்லாம் தாமதம். பொல்காவலைச் சந்தியை அடைந்தபோது மலைநாட்டுக்குச் செல்லும் இரவு வண்டி போய்விட்டது. நிலையத்து வாங்கிலே பையை அணைத்துக்கொண்டு விடியும் வரை இருந்திருக்கிறார். காலை வண்டியும் கொழும்பிலிருந்தே நிரம்பி வந்தது. அதிலும் நின்றே ஹற்றன் வந்து, பஸ் பிடித்து வந்திருக்கிறார். வகுப்பறைப் பக்கமாகச் சென்று பார்த்தேன். செருப்பின் வார் அறுந்திருந்தபடியால் அதனைக் கதவருகே கழற்றி வைத்துவிட்டு, வீங்கிய வெறுங்காலுடன் நின்று முக்கோணம் ஒன்றைக் கரும்பலகையிலே வரைந்துகொண்டிருந்தார். பாடசாலை விடும்வரை அவ்வகுப்பை அவர் விடவில்லை.

அடுத்த நீண்ட விடுமுறையில் குடும்பக் கருமமொன்றுக்காக நானும் அதே வழியாக ஊருக்குப் போக நேர்ந்தது. முன்பதிவு கிடைக்கவில்லை. பொல்காவலையில் எப்படியோ ஏறி, ஒற்றைக் காலில் கொக்கைப்போல் நின்றேன். பாடசாலை அதிபர் ஒருவர் நிற்கிறாரே என்று எவராவது எழுந்து இடந்தருவார் என்ற எண்ணம் உள்ளூர இருந்ததை மறைக்கமாட்டேன். அதிபர் என்பது நெற்றியில் எழுதியிருக்கவில்லையே! மாகோவைக் கடந்ததும் இளைஞன் ஒருவன் எழுந்து, "ஐயாமாரே, இருக்கிறவை ஒரு மணித்தியாலம் இருங்கோ, பிறகு நிக்கிறவை ஒரு மணித்தியாலம் இருக்கட்டும். கிழவரும் பிள்ளைத்தாச்சியும் எழும்ப வேண்டாம்" என்று சொன்னான். முதலில் முணுமுணுத்தவர்களும் பிறகு இணங்கினார்கள். ஒரு கனவான் மட்டும் பத்திரிகையால் முகத்தை மூடிக்கொண்டு நித்திரையாகிவிட்டார். என் முறை வந்தபோது நான் அமர்ந்த அந்த ஒரு மணித்தியாலம் போன்ற சுகத்தை எந்தச் சாய்மனைக் கதிரையிலும் நான் கண்டதில்லை.

பிரயாணம் செய்வோருக்குச் சில சொற்கள். மருந்தையும் தண்ணீரையும் மேலே வைக்கும் பெட்டியில் அடைக்காமல் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். நெருக்கத்தில் பெட்டியை இறக்குவது நடவாத காரியம். சிறு பிள்ளையின் சட்டைப் பையில் பெயரும் தொலைபேசி இலக்கமும் எழுதிய துண்டொன்று இருக்கட்டும். ஊரிலிருந்து திரும்பும்போது முருங்கைக்காய்க் கட்டு, மாம்பழப் பெட்டி, பினாட்டு, ஒடியல் என்று தாய்மார் ஏற்றிவிடும் அன்பைக் குறைக்கச் சொல்ல எனக்குத் துணிவில்லை; ஆயினும் ஒரு முருங்கைக்காய்க் கட்டு நிற்கும் இடத்தில் ஒரு மனிதர் நிற்கலாம். மிதிபலகையில் தொங்கிச் செல்லும் இளைஞர்களுக்கு மட்டும் கண்டிப்பாகச் சொல்லுகிறேன். எங்கள் பழைய மாணவன் ஒருவன் அவ்வாறு சென்று சுரங்கச் சுவரில் மோதினான். இடது கையோடு போயிற்று. அவன் தச்சுத் தொழில் பழகிக்கொண்டிருந்தவன்.

ஒரு நாள் முந்திப் போங்கள், ஒரு நாள் முந்தித் திரும்புங்கள் என்று அறிவுரை சொல்வது எளிது. விடுமுறையே மூன்று நாளாயிருக்கும்போது முந்துவதற்கு நாள் எங்கே இருக்கிறது? அதனைக் கொடுக்கக்கூடியவர்கள் பிரயாணிகள் அல்லர், பணி கொள்வோரே. ஊருக்குப் போய் வந்த பின்னர் ஆசிரியர் கூட்டமொன்றைக் கூட்டினேன். தூர இடத்து ஆசிரியர்கள் நீண்ட விடுமுறைகளில் முறைவைத்து, ஒரு முறைக்குச் சிலராக, மறுநாளுக்குத் தத்தம் அமைய விடுமுறையை முன்கூட்டியே எடுத்துக்கொள்வது. அவர்களின் வகுப்புகளை உள்ளூர் ஆசிரியர்கள் பார்த்துக்கொள்வது. அதற்கு ஈடாக உள்ளூரவரின் பாடவேளைகளை இவர்கள் வேறு நாட்களில் ஏற்பது. பரீட்சை வகுப்புக்கு மட்டும் எக்காரணம் கொண்டும் வெறும் பாடவேளை இல்லாதிருப்பது. இதுவே ஏற்பாடு. "அவர்கள் ஊருக்குப் போவதற்கு நாங்கள் சுமப்பதா?" என்று மூத்த ஆசிரியர் ஒருவர் கேட்டார். கேள்வியில் நியாயம் இருந்தது. அவர் ஓய்வுபெறும் வரையில் இந்த ஏற்பாட்டுக்கு இணங்கவில்லை. அவரை நான் வற்புறுத்தவுமில்லை. மற்றையோர் இணங்கினார்கள். இன்னும் குறைகளோடுதான் நடந்து வருகின்றது.

கணித ஆசிரியை சில ஆண்டுகளின் பின்னர் இடமாற்றம் பெற்றுச் சொந்த ஊருக்குப் போய்விட்டார். போகும்போது நான் அவரிடம் வருத்தம் தெரிவித்தேன். "அதை நான் அண்டைக்கே மறந்திட்டன் சேர்" என்றார். 2019 ஆம் ஆண்டின் வரவுப் புத்தகம் அலுவலக அலுமாரியில் இருக்கின்றது. அரசாங்கப் பதிவேடாதலால் அதில் எதையும் திருத்துவதற்கில்லை. அவருடைய கையொப்பம் சிவப்புக் கோட்டின் கீழேயேதான் இருக்கின்றது.