கரைக்கும் திரவமும் கணக்கிடும் பொறியும்



கைப்பேசியின் மின்கலம் உயிரிழந்ததும் அதைக் குப்பை என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால், அதனுள் இருந்த லித்தியமும் கோபால்ட்டும் எங்கும் போய்விடவில்லை. அவற்றை மீட்க இரண்டு வழிகள் பெருவழக்காக உள்ளன. உலையிலிட்டு உருக்கினால் லித்தியம் பெரும்பாலும் கசடோடு போய்விடுகிறது. கந்தக அமிலத்தில் கரைத்தால் கழிவுநீர் மிகுகிறது.

மூன்றாவது வழியொன்று உண்டு. கோழித் தீவனத்தில் சேர்க்கும் கோலின் குளோரைடு என்ற உப்பு 302 பாகை சென்டிகிரேடில் உருகுவது. நம் வயல்களுக்கு இடும் யூரியா 133 பாகையில் உருகுவது. முன்னதன் ஒரு மூலக்கூறுக்குப் பின்னதில் இரண்டு என்ற அளவில் கலந்தால், அக்கலவை 12 பாகையிலேயே திரவமாகிவிடுகிறது! இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்து ஆண்ட்ரூ அபட் குழுவினர் 2003இல் இதனை வெளியிட்டனர். குளோரைடு அயனியை யூரியா பற்றிக்கொள்வதால், உப்பு மீண்டும் படிகமாக அடுக்கிக்கொள்ள இயலுவதில்லை. 2019இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தார், யூரியாவுக்குப் பதிலாக எத்திலீன் கிளைக்கால் சேர்த்து, மின்கலப் பொருளிலிருந்து கோபால்ட்டை 90 விழுக்காட்டுக்கு மேல் கரைத்துக் காட்டினர். பசுமைக் கரைப்பான் என்று உலகம் மகிழ்ந்தது.

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 180 பாகை வெப்பத்தில் நெடுநேரம் வைத்தால் கரைப்பானே சிதைந்து, ட்ரைமெத்தில் அமீன், குளோரோ எத்தனால் முதலிய தீய பொருள்களைத் தருகிறது என்று பெல்ஜியத்தின் லூவன் நகர ஆய்வாளர்கள் 2022இல் அறிவித்தனர். குளோரோ எத்தனால் கொடிய நஞ்சு. பசுமை என்ற பெயரைச் சற்று அவசரமாகவே சூட்டிவிட்டோம் என்பது என் கருத்து.

இங்கேதான் கணிப்பொறி துணைக்கு வருகிறது. ஒவ்வோர் எலக்ட்ரானையும் தனித்தனியே பின்தொடர வேண்டியதில்லை, அவற்றின் அடர்த்தி எங்கே எவ்வளவு என்று அறிந்தால் போதும் என்ற கொள்கைக்கு 1964, 1965ஆம் ஆண்டுகளில் வால்ட்டர் கோன் முதலியோர் அடிகோலினர். கோன் 1998இல் நோபல் பரிசு பெற்றார். அக்கொள்கையைக் கொண்டு, கோபால்ட்டைக் குளோரைடு எவ்வளவு இறுகப் பற்றும் என்று கணக்கிடலாம். அதே குளோரைடு கோலினைத் தாக்கி உடைக்க எவ்வளவு ஆற்றல் தேவை என்றும் கணக்கிடலாம். முதற்கேள்வியை மட்டும் கேட்டு நிறுத்திக்கொண்டால் நஞ்சு கண்ணில் படாது.

ஆயினும் ஒரு சிக்கல். தனி மூலக்கூறுக்குப் போட்ட கணக்கு, நெருக்கியடிக்கும் திரவத்துக்கு அப்படியே பொருந்துவதில்லை. ஆதலால் நூற்றுக்கணக்கான மூலக்கூறுகளைப் பொறிக்குள் ஒன்றாக அசையவிட்டு, நாட்கணக்கில் காத்திருந்து பார்க்கிறார்கள். அதில் தேறிய கலவையைத்தான் குடுவையிலிட்டு அடுப்பில் ஏற்றுகிறார்கள்.