நடைக்கூலிப் பந்தயம்



1957ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஹெல் டிரைவர்ஸ்’ என்னும் ஆங்கிலத் திரைப்படம் லாரி ஓட்டுநர்களின் பகையைப் பேசுவது. பொதுவுடைமைச் சார்பினர் என்று அமெரிக்கத் திரையுலகம் ஒதுக்கிவைத்த சை என்ட்ஃபீல்டு, பிரிட்டனில் குடியேறி இயக்கிய படம். நாயகன் ஸ்டான்லி பேக்கர் வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளியின் மகன்.

சிறை மீண்ட டாம், சரளைக்கல் லாரி ஓட்டும் வேலையில் சேர்கிறான். கூலி மணிக்கணக்கில் அன்று, நடைக்கணக்கில். குறுகிய நாட்டுப்புறச் சாலைகளில் அதிக நடை அடிப்பவன் ரெட். அவனை வெல்பவனுக்குப் பொன்னாலான சிகரெட் பெட்டி பரிசு. தோழர்களாய் இருக்க வேண்டியவர்கள் ஒருவரையொருவர் சாலையோரப் பள்ளத்தில் தள்ளப் பார்க்கிறார்கள். மேலாளரும் ரெட்டும் கூடி, வேண்டிய ஆட்களை அமர்த்தாமலே அவர்களுக்குரிய கூலியைப் பங்கிட்டுக்கொள்வது பின்னரே வெளிப்படுகிறது. இருக்கும் சிலரைக் கொண்டு எல்லோருடைய வேலையையும் முடிக்கவே அந்தப் பந்தயம். டாமின் நண்பன், இத்தாலியனான ஜீனோ, அதில் உயிரிழக்கிறான்.

அதே 1957இல் பி.ஆர். சோப்ராவின் ‘நயா தௌர்’ வந்தது. தமிழில் ‘பாட்டாளியின் சபதம்’. குதிரைவண்டி பேருந்தோடு பந்தயமிடுகிறது. அதற்காக ஊரே கூடிச் சாலை போடுகிறது. அந்தப் பந்தயம் உழைப்பாளரை இணைத்தது; லாரிப் பந்தயம் பிரித்தது. வேறுபாடு வேகத்தில் இல்லை. வேகத்தைக் கேட்பவர் யார் என்பதில் இருக்கிறது.

காவிரிப் படுகைச் சாலைகளும் போட்டி அறிந்தவையே. சாலியமங்கலம்–குடவாசல் பேருந்து உரிமம் பற்றிக் கும்பகோணம் ராமன் அண்டு ராமன் நிறுவனத்தின் வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்று, 1956இல் தீர்ப்பாயிற்று. முதலாளிகளின் போட்டி மனுவாகவும் வாதமாகவும் சட்டநூல்களில் நிலைபெறுகிறது. ஓட்டுநர்களின் போட்டி சாலையில் தொடங்கிச் சாலையிலேயே மறைகிறது.

1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என வேலைநேரத்தை வரையறுத்தது. ஆனால் நடைக்குக் கூலி பெறுபவனை விரட்டுவது கடிகாரம் அன்று, அடுத்த நடை.

விபத்துச் செய்தி ‘அதிவேகம்’ என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடும். அந்த வேகத்துக்கு விலை வைத்தவர் யார் என்று செய்தி கேட்பதில்லை. கேட்க வேண்டியது கவிதை. ஏரோட்டியைப் பாடிய மண் லாரி ஓட்டியையும் பாடட்டும்.