எங்கள் பிள்ளையை எங்கே கூட்டிட்டுப் போக?

பேட்டையிலிருந்தும் மேலப்பாளையத்திலிருந்தும் பீடிச் சுளவை இறக்கி வைத்துவிட்டு வந்திருக்கிற அக்காமார்களே!

எங்கள் தெருவில் ஒரு பிள்ளை. மாநகராட்சிப் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பு. தாயார் பீடி சுற்றுகிறவர். போன வாரம் பீடிக்கடைச் சீட்டைப் பார்த்த மாத்திரத்தில் அந்தப் பிள்ளை சொல்லியிருக்கிறது: "எம்மா, ரெண்டு கட்டு குறைச்சுப் போட்டிருக்காவ. அம்பது பீடி!" கடையில் எண்ணிப் பார்த்தார்கள். பிள்ளை சொன்னதுதான் சரி.

தாயார் நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனார். "எம் பிள்ளைக்குக் கணக்கு நல்லா வருது சார், கூடுதலா ஏதாவது சொல்லிக் குடுங்க." வந்த பதில் என்ன தெரியுமா? "நல்லா படிக்கிற பிள்ளையை ஏம்மா இங்க வச்சிருக்கீங்க? வேற எங்கயாவது கூட்டிட்டுப் போயிருங்க!"

எங்கே கூட்டிட்டுப் போக? ஆயிரம் பீடி சுற்றினால் வருகிற கூலியில் எந்தப் பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்க?

இங்கேயே படித்தால் ஆகாதா? 2023 செப்டம்பர் 2-ஆம் தேதி சூரியனை ஆராய ஆதித்யா எல்-1 கிளம்பியது. திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி. எந்த ஊர்? செங்கோட்டை! எங்கே படித்தார்? அந்த ஊர் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில்! பொறியியல்? நம்ம திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில்! (கைதட்டல்) அன்றைக்கு அவர் வீட்டாரிடம் யாராவது "கூட்டிட்டுப் போயிருங்க" என்று சொல்லியிருந்தால்?

ஒரு அண்ணாச்சி சொல்கிறார், "படிக்கிற பிள்ளை தெருவிளக்கில்கூடப் படிக்கும்" என்று. அப்புறம் உங்கள் பேரனுக்கு எதற்கு மூன்று டியூஷன், அண்ணாச்சி? அவனையும் தெருவிளக்குக்கு அனுப்புங்கள்! (சிரிப்பு)

இன்னொருவர் சொல்கிறார், நன்றாகப் படிக்கிற பிள்ளைக்குத் தனி வகுப்பு வைத்தால் சமத்துவம் கெட்டுவிடுமாம். அடப் பாவிகளா! கையில் கலர் கயிறு கட்டிக்கொண்டு பிள்ளைகள் சாதி சாதியாகப் பிரிந்து நின்ற மாவட்டம் இது. 2023-இல் நாங்குநேரியில் வீடு புகுந்து ஒரு மாணவனை வெட்டினார்கள். அப்போதெல்லாம் வாயைத் திறக்காத சமத்துவம், பீடிக்காரி மகளுக்குக் கணக்கு வகுப்பு என்றதும் ஓடி வருகிறதா?

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லையா என்பார்கள். மாதிரிப் பள்ளிகள் 2021-இல் பத்து மாவட்டங்களில் தொடங்கின. நல்லது. ஆனால் மாவட்டத்துக்கு ஒன்று, அதுவும் மேல்வகுப்புக்கு, விடுதியில் தங்கி. ஏழாம் வகுப்புப் பிள்ளை அதுவரை என்ன செய்யும்? எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வில் தேறினால் மாதம் 1,000 ரூபாய். பணம் வரும், பாடம் வருமா? ஊரகத் திறனாய்வுத் தேர்வு என்று ஒன்று. மாவட்டத்துக்கு 50 ஆண், 50 பெண். கிடைப்பது ஆண்டுக்கு 1,000 ரூபாய். நாளுக்கு மூன்று ரூபாய்கூட இல்லை! அதையும் மாநகராட்சி எல்லைக்குள் படிக்கிற பிள்ளை எழுத முடியாது. இங்கேயும் அதே பேச்சுதான்: கூட்டிட்டுப் போயிருங்க!

நாங்கள் கேட்பது மாளிகை இல்லை. அதே பள்ளிக்கூடத்தில், கடைசி மணி அடித்த பிறகு, ஆறாம் வகுப்பிலிருந்து எட்டு வரை, வாரத்தில் மூன்று நாள், ஒன்றரை மணி நேரம். கணக்குப் பிள்ளைக்குக் கணக்கு, படம் வரைகிற பிள்ளைக்குப் படம். அதற்கென்று பயிற்சி பெற்ற ஒரு ஆசிரியர். மார்க்கை மட்டும் பார்த்துப் பொறுக்காதீர்கள். பீடிக்கடைச் சீட்டில் தப்புப் பிடிக்கிற மூளை மார்க் ஷீட்டில் தெரியாது. 1987-லிருந்து கொக்கிரகுளத்தில் மாவட்ட அறிவியல் மையம் இருக்கிறது. ஆண்டுக்கொரு தடவை வரிசையில் நடத்திக் கூட்டிப்போய்த் திரும்புவது போதாது. மாதம் இரண்டு சனிக்கிழமை அங்கே அந்தப் பிள்ளைகள் கையால் தொட்டுச் செய்து பார்க்க வேண்டும். நம் மாவட்டத்து மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சினைச் சோதித்துப் பார்க்கிறார்கள். பக்கத்துத் தெருப் பிள்ளையின் மூளையைச் சோதித்துப் பார்க்க ஆளில்லையா?

பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிற பெற்றோர்களே, அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாக எழுத வையுங்கள். எழுத மறுத்தால் எழுந்திருக்காதீர்கள்!

அந்தத் தாயார் இதோ முன்வரிசையில்தான் இருக்கிறார். டி.சி. கேட்டு எழுதின தாளை நேற்று எனக்குக் காட்டினார். சுளவில் இலைக்கு அடியில் மடித்து வைத்திருக்கிறார், இன்னும் கொடுக்கவில்லை. அக்கா, அந்தத் தாளை என்னிடம் கொடுங்கள். பிள்ளை இங்கேதான் படிக்கும்! (நீண்ட கைதட்டல்)