டிக்கிக்குள் ஒரு பெட்டி



காருக்கு ஆடியோ மாட்டுகிற கடையில் அன்றாடம் காதில் விழுகிற கேள்வி இது: "அண்ணே, பத்து இன்ச் போடலாமா, பன்னெண்டு போடலாமா? எதுல சத்தம் ஜாஸ்தி?" சிலர் கேட்பதுகூட இல்லை. "பதினஞ்சே போட்டுருங்கண்ணே, தெரு அதிரணும்" என்று முடிவோடு வருவார்கள். மதுரையில் தெரு ஏற்கெனவே அதிர்ந்துகொண்டுதானே தம்பி இருக்கிறது என்று சொல்லிப் பார்ப்பேன். எடுபடாது.

பேஸுக்காக மாட்டுகிற ஸ்பீக்கரான சப்ஊஃபரின் விட்டத்தைத்தான் இப்படி இன்ச்சில் கேட்கிறார்கள். அதன் வேலை காற்றைத் தள்ளுவது, அவ்வளவுதான். எவ்வளவு தள்ளும் என்பது இரண்டைப் பொறுத்தது. ஒன்று, அதன் முன்னால் அசைகிற கோனின் பரப்பு. இன்னொன்று, அது முன்னும் பின்னும் போய்வருகிற தூரம். பள்ளிக்கூடத்தில் வட்டத்தின் பரப்பளவு படித்தோமே, அது இங்கே உதவுகிறது. விட்டம் 10 அங்குலத்திலிருந்து 12 ஆனால் பரப்பு 1.44 மடங்கு ஆகிவிடும். 10 அங்குலக் கோன் 10 மில்லிமீட்டர் நகர்ந்து தள்ளுகிற காற்றை 12 அங்குலக் கோன் 7 மில்லிமீட்டரிலேயே தள்ளிவிடும். சுருதி கீழே இறங்க இறங்க இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். 80 ஹெர்ட்ஸில் கேட்கிற அதே அழுத்தத்தை 40 ஹெர்ட்ஸில் கொண்டுவர நான்கு மடங்கு காற்று தள்ள வேண்டும். சின்ன ஸ்பீக்கருக்கு மூச்சு வாங்குவது அங்கேதான்.

அதனால் சைஸுக்கு மதிப்பில்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் 10-ஐ எடுத்துவிட்டு 12-ஐ வைத்து, இரண்டும் ஒரே தூரம் போய்வந்தால், கூடுவது சுமார் 3 டெசிபெல். ஆம்பின் வாட்டை இரட்டிப்பாக்கினாலும் அதே 3 டெசிபெல்தான். பெட்டியைச் சரியாகச் செய்தால் இதைவிட அதிகம் கிடைக்கும். ஆனால் பெட்டியைப் பற்றி யாரும் கேட்பதில்லை! ஸ்பீக்கருக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு, "பொட்டி ஏதாவது ரெடிமேடா இருந்தா குடுங்க" என்பார்கள். எனக்கு வயிறு எரியும்.

கடையில் ஒரு வேடிக்கை காட்டுவேன். சப்ஊஃபரை வெறுமனே மேசைமேல் வைத்து ஓடவிடுவேன். கோன் துள்ளும், பேஸ் மட்டும் காதுக்கு வராது. கோனின் முன்பக்கம் காற்றை அழுத்துகிறபோது பின்பக்கம் இழுக்கிறது. இரண்டும் விளிம்பைச் சுற்றிவந்து ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன. அதே ஸ்பீக்கரைப் பெட்டியில் இறக்கினதும் கடை ஷட்டர் நடுங்கும். வந்தவர் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டுமே!

மூடிய பெட்டி என்றால் பின்பக்கச் சத்தத்தை உள்ளேயே அடைத்துவைப்பது. தவில் அடி, டிரம் அடி துல்லியமாக வேண்டுமென்றால் எனக்கு அதுதான் பிடிக்கும். துளை வைத்த பெட்டியின் கதை வேறு. காலி சோடா பாட்டிலின் வாயில் ஊதியிருக்கிறீர்கள் அல்லவா? 'பூம்' என்று ஒரே ஒரு சுருதி வரும். பாட்டிலின் கொள்ளளவும் கழுத்தின் நீளமும் அகலமும் சேர்ந்து அந்தச் சுருதியைத் தீர்மானிக்கின்றன. ஜெர்மானியர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863-லேயே தம் புத்தகத்தில் இதை ஆராய்ந்திருக்கிறார். பெட்டியில் வைக்கிற துளையும் அந்த மாதிரிக் கழுத்துதான். அதை 35 ஹெர்ட்ஸுக்குப் பொருத்திவிட்டால், அந்தச் சுருதியை ஒட்டிக் கோன் அதிகம் அசையாமலேயே, வீணாகிற பின்பக்கச் சத்தம் துளை வழியே நமக்காக வெளியே வரும். வாட் ஏற்றாமல், சைஸ் கூட்டாமல் சத்தம் கூடும்!

இதற்கெல்லாம் ஒழுங்கான கணக்கு கொடுத்தவர்கள் ஆஸ்திரேலியாவில் ஆராய்ச்சி செய்தவர்கள். 1961-ல் நெவில் தீல், 1970-களில் ரிச்சர்ட் ஸ்மால். இன்று எந்த நல்ல சப்ஊஃபர் வாங்கினாலும் அதோடு வருகிற தாளில் இவர்கள் பெயரில்தான் எண்கள் இருக்கும். தயவுசெய்து அந்தத் தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உங்கள் ஸ்பீக்கருக்கு எத்தனை லிட்டர் காற்று வேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது. 12 அங்குலத்துக்கு மூடிய பெட்டி என்றால் பொதுவாக 30 லிட்டர் அளவில் முடிந்துவிடும். துளைப் பெட்டி 50 லிட்டருக்கு மேல் கேட்கும். அந்த இடம் இல்லாத டிக்கியில் பன்னிரண்டைத் திணிப்பதைவிட, அளவான பெட்டியில் ஒரு பத்து அருமையாகப் பாடும்.

நான் 18 மில்லிமீட்டர் எம்.டி.எஃப். பலகையில்தான் பெட்டி செய்வேன். ஒட்டி முடித்ததும், ஸ்பீக்கரை மெதுவாக ஓடவிட்டு, மூலைகளில் ஊதுபத்தியைக் காட்டிப் பார்ப்பேன். புகை நேராக ஏறாமல் நடுங்கினால் அங்கே கசிவு. பசையை எடுத்துக்கொண்டு மறுபடி உட்கார வேண்டியதுதான்.

ஒரு பையன் இரண்டு பன்னிரண்டோடு வந்தான். வேறெங்கோ மாட்டியது. "அண்ணே, ரெண்டு போட்டும் ஒண்ணு போட்ட சத்தம்கூட வரலை." ஒரு ஸ்பீக்கரில் பிளஸும் மைனஸும் மாறியிருந்தன. ஒன்று தள்ள, மற்றது இழுத்துக்கொண்டிருந்தது. வொயரை மாற்றிக் கொடுத்ததும் பையன் வாயைத் திறந்தபடி நின்றான். சரியாக மாட்டினால் இரண்டு பத்தே ஒரு பன்னிரண்டைத் தாண்டிவிடும், பதினைந்துக்குப் பக்கத்தில் போய் நிற்கும். வேண்டுமானால் வட்டப் பரப்புக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

காரும் ஒரு பெட்டிதான், மறந்துவிடாதீர்கள். கதவும் கண்ணாடியும் மூடியிருந்தால், சுமார் 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே அந்தச் சின்ன அறையே பேஸைத் தூக்கிக் கொடுக்கும். ஊருக்குக் கேட்கட்டும் என்று கண்ணாடியை இறக்குகிறவர், தன் காதுக்கு வருவதைக் குறைத்துக்கொள்கிறார். செடான் காரில் பின்சீட்டும் தகடும் டிக்கியை அடைத்துக்கொள்ளும். அதனால் ஹாட்ச்பேக்கில் எட்டு இன்ச் போட்டவர் சில சமயம் செடானில் பன்னிரண்டு போட்டவரை ஜெயித்துவிடுவார். பின்சீட்டு மடங்குமானால், அதை மடக்கிவிட்டு ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

நேரம் ஓடிவிட்டது. ஆம்ப், வொயர் பற்றி விரிவாகப் பேச முடியவில்லை. 500 வாட் ஆம்ப் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 40 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஆகவே தடித்த வொயர், பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். இந்த வாரம் யாராவது சப்ஊஃபர் வாங்கக் கிளம்பினால், முதலில் டேப் எடுத்து டிக்கியை அளந்து, அந்த அளவை எழுதிக்கொண்டு கடைக்குப் போவீர்கள் என்று நம்புகிறேன். நீங்கள் வழக்கமாகக் கேட்கிற பாட்டுகளையும் போனில் எடுத்துச் சென்று, கதவைச் சாத்தி உட்கார்ந்து கேட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள்.