வெள்ளம் வடிந்த பிறகு



சர்வகலாசாலையைப் பற்றி ஆலைத் தொழிலாளிக்கும் விவசாயக் கூலிக்கும் என்ன பேச்சு என்று கேட்கலாம். அங்கேயும் கூட்டிப் பெருக்குகிறவர், சமைக்கிறவர், காவல் நிற்கிறவர் இருக்கிறார்கள். நம் பிள்ளைகளும் அங்கே படிக்கவேண்டும்.

2005 ஆகஸ்ட் 29-ல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரைக் காத்ரீனா புயல் தாக்கியது. வெள்ளத்தடுப்புக் கரைகள் உடைந்தன. நகரில் நூற்றுக்கு 80 பங்கு நீரில் மூழ்கியது. டுலேன் சர்வகலாசாலை ஒரு பருவம் முழுவதும் மூடிக் கிடந்தது. அதன் மாணவர்களை வெளியூர்க் கல்லூரிகள் சேர்த்துக்கொண்டன. 2006 ஜனவரியில் டுலேன் மறுபடி திறந்தது. கறுப்பின மாணவர் படிக்கும் டில்லார்ட் சர்வகலாசாலையோ ஓர் ஓட்டலில் வகுப்பு நடத்தியது. கட்டிடம் போனாலும் கல்வி நிற்கவேண்டியதில்லை!

ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். 2005 டிசம்பரில் டுலேன் நிர்வாகம் சுமார் 230 ஆசிரியர்களை ஆட்குறைப்புச் செய்வதாக அறிவித்தது. சிவில் எஞ்சினீயரிங் படிப்பையும் நிறுத்தப்போவதாகச் சொன்னது. கரை உடைந்து மூழ்கிய ஊரில், கரை கட்டக் கற்றுத்தரும் படிப்புக்கே பூட்டு!

ஆபத்து வருமுன் திட்டம் வேண்டும். பதிவேடுகளுக்கு வேறு ஊரில் நகல், வகுப்புக்கு மாற்று இடம் எல்லாம் அவசியமே. ஆனால் அது மட்டும் போதுமா? மூடிக் கிடக்கும் நாட்களுக்குச் சம்பளம் உண்டா? திறக்கும்போது சமையல்காரருக்கு வேலை உண்டா? இதையும் அந்தத் திட்டத்தில் முன்கூட்டியே எழுதவேண்டும். புயலின் நஷ்டத்தை உழைப்பவன் தலையில் கட்ட விடக்கூடாது!