ரிப்போர்ட்டில் ஐ.ஜி.ஈ. கூடினால் பயப்பட வேண்டுமா?

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியது)

நான் டாக்டர் இல்லை, வங்கியில் கணக்கு எழுதியவன். என் பேரனுக்கு அடிக்கடி மூக்கடைப்பு. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் ‘மொத்த ஐ.ஜி.ஈ.’ அதிகம் என்று வந்ததும், வீட்டில் முட்டை, பால், வேர்க்கடலை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். அந்தக் கவலையில் படித்ததைத்தான் சொல்கிறேன்.

ஐ.ஜி.ஈ. என்பது உடல் உண்டாக்கும் ஒரு எதிர்ப்பொருள். 1966-இல் இஷிசாகா என்ற ஜப்பானிய விஞ்ஞானித் தம்பதி அமெரிக்காவில் கண்டறிந்தது. தூசி, மகரந்தம் போன்றவற்றுக்கு எதிராக இது உருவானால் தும்மல், இளைப்பு, தடிப்பு வரலாம்.

அப்படியானால் இது கூடினாலே அலர்ஜிதானா? ஈக்வடார் நாட்டு அமேசான் காட்டில் வவோரானி என்ற பழங்குடியினர் இருக்கிறார்கள். 1958 வரை வெளியாரோடு சுமுகமான தொடர்பே இல்லாதவர்கள். அவர்கள் ரத்தத்தைச் சோதித்தபோது, ஐ.ஜி.ஈ. நம்மைவிடப் பல மடங்கு இருந்தது. ஆனால் ஆஸ்துமா, அலர்ஜி ஏறக்குறைய இல்லவே இல்லை!

காரணம், குடற்புழுக்கள். புழுவை எதிர்க்கவும் உடல் இதே ஐ.ஜி.ஈ.யைத்தான் உண்டாக்குகிறது. என் பாஷையில் சொன்னால், மொத்த இருப்பை மட்டும் பார்த்தால் பணம் எந்தக் கணக்கில் வந்தது என்று தெரியாது. லெட்ஜரைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

அதற்காகப் புழு இருப்பதே நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். அதே ஈக்வடாரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓராண்டு புழு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். அதனால் அலர்ஜி கூடவில்லை. காட்டு வாழ்க்கையே ஆரோக்கியம் என்றும் சொல்ல முடியாது. அலர்ஜி இல்லாத அந்த வவோரானி மக்களை 1969-இல் வெளியிலிருந்து வந்த போலியோ தாக்கியது. உயிரிழந்தவர்களும் உண்டு. அவர்களுக்கு அன்று தடுப்பு மருந்து கிடைக்கவில்லை. நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கிறது.

பேரனை டாக்டரிடம் அழைத்துப் போனோம். தோலில் குத்திப் பார்க்கும் சோதனையில் தூசிப் பூச்சி மட்டுமே தெரிந்தது. தலையணை உறையை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைக்கிறோம். முட்டையும் பாலும் தட்டுக்குத் திரும்பிவிட்டன. இரண்டு மாதம் அவன் வீணாகப் பட்டினி கிடந்ததுதான் மிச்சம்.

ஆகவே, ரிப்போர்ட்டில் ஒரு எண்ணைப் பார்த்து நாமாகவே பிள்ளைகளின் சாப்பாட்டை நிறுத்த வேண்டாம். பள்ளியில் தரும் புழு மாத்திரையையும் தடுப்பூசியையும் தவற விடவும் வேண்டாம்.